மறு: "கட்சி வெறி" போதாதா? (அணிக்கோட்டம் என்ற சொல் பற்றி)

நண்பர்களே,

இழை நீண்டுகொண்டே போகிறது, பாதிப் பேர் ஒன்றைப் பற்றியும் மீதிப் பேர் வேறொன்றைப் பற்றியும் எழுதுகிறோம் என்று தோன்றுகிறது. அதனால் எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதை முதலில் நேராக்கிக்கொள்வோம். ஆள்வது தனக்குப் பிடித்த கட்சி என்றால் நாடு செழிப்பதாகவும், பிடிக்காத கட்சி என்றால் எல்லாம் குட்டிச்சுவராகிவிட்டதாகவும் ஒருவருக்குத் தோன்றுகிறது. விலைவாசி, வேலைவாய்ப்பு, வரி எல்லாம் இரண்டு காலத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. கட்சி மேல் இருக்கும் பாசத்துக்கு நமக்குப் பெயர் வேண்டாம், அதற்கு ஏற்கெனவே நாலைந்து இருக்கிறது. அந்தப் பாசம் மதிப்பீட்டுக்குள் புகுந்து அளவுகோலையே வளைத்துவிடுகிறதே, அந்த வளைவுக்குத்தான் பெயர் வேண்டும். "அணிக்கோட்டம்" (தன் அணியை ஒட்டிப் பார்வை வளைவது) என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

> கட்சி வெறி என்று எல்லோருக்கும் புரியும் சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

வெறி என்றதும் நம் மனதில் வருவது தொண்டை கிழியக் கத்துகிற ஆள். ஆனால் இந்தக் கோளாறு சத்தமே போடாதவர்களிடமும், வீட்டில் உட்கார்ந்து கருத்துக்கணிப்புப் படிவத்தை நிதானமாக நிரப்புகிறவர்களிடமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1980-ல் பணவீக்கம் 13.5 விழுக்காடு, குடியரசுக் கட்சியின் ரீகன் எட்டு ஆண்டு ஆண்ட பிறகு 1988-ல் அது 4 விழுக்காட்டை ஒட்டி நின்றது. இதில் வாதத்துக்கே இடமில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அந்த ஆண்டுக் கணிப்பில், ரீகன் காலத்தில் பணவீக்கம் கூடியதா குறைந்ததா என்று கேட்டார்கள். ஜனநாயகக் கட்சியை அழுத்தமாக ஆதரித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நிலைமை மோசமானது என்று பதில் சொன்னார்கள். ஒரு பக்கம் மட்டும்தான் இப்படி என்று யாரும் சிரித்துவிட வேண்டாம். ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் ஆண்ட முதல் நான்காண்டில் அரசின் நிதிப் பற்றாக்குறை பாதிக்கும் கீழே இறங்கியது. 1996-ல் கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் அது கூடிவிட்டது என்றார்கள். இவர்களில் எத்தனை பேர் வெறியர்கள்? அநேகமாக எல்லோரும் அண்டை வீட்டாரோடு சுமுகமாக இருக்கும் சாதாரண மனிதர்கள்தான்.

இன்னொன்று. வெறி என்பது எப்போதும் அடுத்தவனுக்குத்தான் இருக்கும். "எனக்குப் பற்று, உனக்கு வெறி". ஆய்வுக் கட்டுரையில் வரவேண்டிய சொல், படிப்பவர் தன்மேல் வைத்துப் பார்க்க முடிகிற சொல்லாக இருக்க வேண்டும். வசைச்சொல்லை வைத்துக்கொண்டு அளவெடுக்க முடியாது.

> அப்படியானால் கட்சிப் பற்று?

நல்ல சொல், ஆனால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். "நான் இந்தக் கட்சி ஆள்" என்று ஒருவர் தன்னை அடையாளம் காண்பதை 1950களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் அளக்கத் தொடங்கினார்கள், 1960-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் இந்த அடையாளம் ஒரு வடிதிரை மாதிரி வேலை செய்கிறது, தன் கட்சிக்குச் சாதகமானதை உள்ளே விட்டு மற்றதை வெளியே நிறுத்துகிறது என்று சொன்னார்கள். அந்த அடையாளம்தான் கட்சிப் பற்று. திரை வழியே பார்த்ததால் காட்சி கோணிப்போவது அணிக்கோட்டம். காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயர் வைத்தால், பற்று இருந்தும் கோணாமல் பார்க்கிற மனிதரை எப்படிச் சொல்வது? அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், குறைவாக இருந்தாலும். (கணக்குப் புத்தகத்தில் பற்று என்றால் செலவுப் பக்கம். கட்சிக் கணக்கில் மட்டும் பற்று வைத்தவர் எல்லாவற்றையும் வரவிலேயே எழுதுகிறார். சரி, விடுங்கள்.)

> சார்பு அல்லது சாய்வு என்று எளிமையாக வைக்கலாமே?

வைக்கலாம், ஆனால் கணிதக்காரர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சார்பு என்றால் உறவுகளும் சார்புகளும். சாய்வு என்றால் நேர்கோட்டின் சாய்வு. இந்தத் துறையில் பாதிக் கட்டுரைகள் வரைபடமும் சமன்பாடுமாக இருப்பவை. "சார்பின் சாய்வில் உள்ள சார்புச் சாய்வு" என்று ஒரு வாக்கியம் எழுத நேர்ந்தால் மொழிபெயர்ப்பவர் தூக்கு மாட்டிக்கொள்வார்.

நீளமாக வந்த இன்னொரு பரிந்துரை, "கட்சிநிலைசார் புலனுணர்வுப் பிறழ்ச்சி", அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

> கோட்டம் என்றால் கோயில், நிர்வாகப் பிரிவு. வாசகர் குழம்புவார்.

இது நியாயமான மறுப்பு. "கட்சிக் கோட்டம்" என்றால் கண்டிப்பாகக் கட்சியின் மண்டல அலுவலகம் என்றுதான் படிப்பார்கள்; அதனால்தான் அந்த வடிவத்தை நான் எடுக்கவில்லை. ஆனால் கோட்டத்துக்கு வளைவு என்ற பொருள் நான் கண்டுபிடித்ததில்லை, நடுவுநிலைமை அதிகாரத்திலேயே இருக்கிறது:

சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின்.

உள்ளே வளைவு இல்லாவிட்டால்தான் சொல்லிலும் வளைவு இருக்காது. நமக்கு வேண்டிய பொருள் இதைவிடச் சுருக்கமாக எங்கே கிடைக்கும்? உட்கோட்டம் ஒன்று, சொற்கோட்டம் ஒன்று என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதையும் கவனியுங்கள், கீழே அதற்கு வேலை வருகிறது. அதற்கு முந்தைய குறளில் தராசைச் சொல்லி "ஒருபால் கோடாமை சான்றோர்க்கு அணி" என்று வருகிறது. அங்கே கோடாமை அணி. இங்கே அணியால் கோடுதல். வேடிக்கைதான், ஆனால் மாணவருக்கு மறக்காது.

கோணல் என்று சொல்லலாமே என்று தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். வேர் ஒன்றுதான், பேச்சிலும் இருக்கிறது. கோணல் புத்தி என்ற வழக்கு கூடவே ஒட்டிக்கொண்டு வருமே என்றுதான் தயங்குகிறேன், மறுபடியும் வசை.

> ஆங்கிலத்தில் இதைச் சொல்லும் டிரைபலிசம் (tribalism) பழங்குடியைக் குறிக்கும் சொல்லிலிருந்துதானே வந்தது? அதையே பெயர்க்கலாமே.

வேண்டவே வேண்டாம். பழங்குடி மக்கள் யாரும் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவில்லை. நகரத்தில் செய்தித்தாள் படிக்கிற படித்த வர்க்கம் செய்வதை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். தவிர, இதற்குக் குலமோ குருதியோ தேவையே இல்லை. 1970-ல் உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் வெளியிட்ட சோதனையில் பிரிஸ்டல் பள்ளிப் பையன்களை, க்ளேயின் ஓவியம் பிடித்தவர்கள், காண்டின்ஸ்கியின் ஓவியம் பிடித்தவர்கள் என்று சொல்லி இரண்டு குழுவாக்கினார்கள். உண்மையில் கண்டபடிதான் பிரித்திருந்தார்கள். யார் தன் குழு என்று பையன்களுக்கு முகம்கூடத் தெரியாது. அப்புறம் மற்றவர்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். தன் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள், அது எதிர்பார்க்கக்கூடியதுதான். பலர், தன் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட மேலே இருந்தால் போதும் என்று பிரித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயர் ஒட்டினதும் அணி உருவாகிவிடுகிறது. அதனால் அணி. கட்சி, கூட்டணி, ஒரு தலைவரின் பின்னால் நிற்கும் கூட்டம் என எல்லாவற்றையும் அது தாங்கும்.

> விவரம் தெரியாதவர்கள் செய்வது. அறியாமை என்றே சொல்லிவிடலாம்.

இதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். டேன் கஹானும் உடன் ஆய்ந்தவர்களும் 2013-ல் ஒரு சோதனை செய்தார்கள். நான்கு எண்கள் கொண்ட ஒரு சிறிய அட்டவணை. ஒரு குழுவுக்கு அது தோல் களிம்பு ஆய்வு: களிம்பு பூசியவர்களில் எத்தனை பேருக்குச் சொறி குறைந்தது, எத்தனை பேருக்குக் கூடியது, பூசாதவர்களுக்கு எப்படி. மேலோட்டமாகப் பார்த்தால் தப்பான விடைதான் வரும், விகிதம் போட்டுப் பார்த்தால் சரியாக வரும். எண்ணறிவு உள்ளவர்கள் அதிகம் பேர் சரியாகச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு அதே எண்கள், தலைப்பு மட்டும் துப்பாக்கித் தடையும் குற்றமும். இப்போது எண்ணறிவு உள்ளவர்கள், விடை தங்கள் அரசியலுக்கு ஒத்துவந்தபோது நன்றாகக் கணக்குப் போட்டார்கள். ஒத்துவராதபோது மேலோட்டமான விடையோடு நின்றுவிட்டார்கள். இரு தரப்புக்கும் நடுவே இடைவெளி அவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. பிறகு இதே சோதனையைச் செய்துபார்த்த எல்லோருக்கும் அந்த இடைவெளி இப்படி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் படிப்பு இதை ஆற்றிவிடும் என்று யாரும் காட்டவில்லை. அறியாமை என்று பெயர் வைத்தால் பாடம் நடத்தினால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பெயரிலேயே வந்துவிடும்.

> ஒரு கட்சி முன்பு நன்றாக ஆண்டிருந்தால் அதை நம்புவதில் என்ன கோட்டம்?

வந்ததிலேயே கனமான கேள்வி இதுதான். கேட்டவருக்கு நன்றி. அமெரிக்க அரசியல் அறிஞர் மாரிஸ் ஃபியோரினா 1981-ல் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: கட்சி அடையாளம் என்பது கண்மூடித்தனம் இல்லை, கடந்த ஆட்சிகளில் கண்டதைக் கூட்டிக் கழித்து வாக்காளர் மனதில் ஓட்டிவரும் கணக்கு. அது சரியென்றால் முன்நம்பிக்கை பகுத்தறிவுதான், அதைக் கோட்டம் என்று சொல்வது அவதூறு. புதிய அரசு ஒன்று சறுக்கும்போது, "போன தடவை நன்றாகத்தானே செய்தார்கள், கொஞ்சம் பொறுப்போம்" என்று சொல்பவர் கோணிப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கில் புதிய வரவும் செலவும் ஏறவேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே வரையறையில் ஒரு சோதனையைச் சேர்க்கச் சொல்கிறேன்: செயலும் விளைவும் அப்படியே இருக்க, செய்தவரின் கட்சியை மட்டும் மாற்றினால் மதிப்பீடு புரளுமா? புரண்டால் அணிக்கோட்டம். ஜெஃப்ரி கோஹன் 2003-ல் வெளியிட்ட சோதனைகள் இந்த வகை. ஒரு மக்கள்நலத் திட்டத்தைக் கொடுத்து, உங்கள் கட்சி இதை ஆதரிக்கிறது என்று சிலரிடமும் எதிர்க்கிறது என்று சிலரிடமும் சொன்னார். திட்டம் தாராளமானதா கறாரானதா என்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது, கட்சி எங்கே நின்றதோ அங்கேதான் மாணவர்களும் நின்றார்கள். காரணம் கேட்டால் திட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம் என்றார்கள். சோதனைக்கூடத்துக்கு வெளியிலும் பார்க்கலாம்: 2016 நவம்பரில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் வென்றார் என்று அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்ததும், பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குக் குடியரசுக் கட்சிக்காரர்களின் பதில் ஒரேயடியாக ஏறியது, ஜனநாயகக் கட்சிக்காரர்களின் பதில் இறங்கியது. சில வாரத்தில் பொருளாதாரம் மாறவில்லை, புதியவர் பதவியேற்கவே இல்லை. எந்த வரவு செலவும் ஏறாத கணக்கில் இருப்பு மட்டும் மாறுகிறது. ஃபியோரினாவின் விளக்கம் இங்கே பொருந்தாது.

இந்தச் சோதனையால் இன்னொரு லாபம், சொல் கண்ட இடத்தில் எல்லாம் பரவாது. வாக்காளர்கள் பேரிடர் நிவாரணம் கொடுத்த அரசுக்குப் பரிசளிக்கிறார்கள், பேரிடர் வராமல் முன்கூட்டிச் செலவழித்த அரசைக் கண்டுகொள்வதில்லை என்று ஹீலியும் மல்ஹோத்ராவும் 2009-ல் காட்டினார்கள். அதுவும் ஆட்சித்திறனைத் தப்பாக மதிப்பிடுவதுதான், ஆனால் அதற்கு அணி தேவையில்லை. அது அணிக்கோட்டம் ஆகாது.

கடைசியாக, முன்பு சொன்ன சொற்கோட்டம் உட்கோட்டம் விஷயம். 2017 ஜனவரியில், டிரம்ப் பதவியேற்ற கையோடு, இரண்டு படங்களைக் காட்டி ஒரு கணிப்பு நடந்தது. ஒரே புல்வெளி, மேலிருந்து எடுத்த படம். ஒன்றில் தலைகளாகவே தெரிகிறது, இன்னொன்றில் திட்டுத்திட்டாக வெள்ளைத் தரை. முதலாவது 2009-ல் ஒபாமா பதவியேற்றது. படத்தில் யார் பெயரும் இல்லை, எதில் கூட்டம் அதிகம் என்பதுதான் கேள்வி. டிரம்புக்கு வாக்களித்தவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் வெள்ளைத் தரை தெரிகிற படத்தைக் காட்டினார்கள். இவர்களுக்கு உண்மையிலேயே கண் அப்படிக் கண்டதா? எனக்கு நம்பிக்கையில்லை. கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று மோப்பம் பிடித்து, தன் ஆளை விட்டுக்கொடுக்காமல் சொன்ன பதில். 2015-ல் வெளியான ஆய்வுகளில், சரியான விடைக்குச் சிறு தொகை தருகிறோம் என்றதும் இரு கட்சிக்காரர்களின் விடைகளுக்கும் நடுவே இருந்த தூரம் நன்றாகவே குறைந்தது. அதாவது ஒரு பங்கு நாக்கோடு நின்றுவிடுகிறது, மீதி உள்ளே இருக்கிறது. உள்ளே இருப்பதுதான் அணிக்கோட்டம். நாக்கோடு நிற்பதற்குத் தனிச்சொல் வேண்டும். "முழக்கவிடை" என்று வைத்துப் பார்த்தேன், விடைத்தாளில் கோஷம் எழுதுவது மாதிரி.

வினையாக வரும்போது சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. "கோடிய மதிப்பீடு" சரி, "கோடாத மதிப்பீடு" இன்னும் நன்றாக இருக்கிறது, ஆனால் "கோடி மதிப்பிட்டார்" என்றால் ரூபாய்க் கணக்காகிவிடும். வினையெச்சத்தில் மட்டும் "கோட்டத்தோடு மதிப்பிட்டார்" என்று எழுதிக்கொள்ளலாம். முழக்கவிடையில் எனக்கே அரைத் திருப்திதான். வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால், ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள், தனிச் சொல்லாக வேண்டாம்.

அன்புடன்.