சபை நிர்வாகத்துக்கு ஆள் தேவை, வழி சொல்லுங்கள்

பாம்பன் அருகே மீனவர்கள் கூடும் சிறிய கிறிஸ்தவ சபையின் செயலாளர் நான். ஏப்ரல் 15-இல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து நிர்வாகம் குலைந்துவிட்டது. உதவி அரிசி சில வீடுகளுக்கு இருமுறை போனது. இரண்டு விதவைகளுக்குப் போகவே இல்லை. அது என்னை உறங்கவிடவில்லை.

மூவர் குழு அமைத்தோம், இரண்டு வாரத்தில் கலைந்தது. யாருக்கு என்ன வரம், அதாவது கடவுள் தந்த திறன், என்று கண்டறிய வினாத்தாள் கொடுத்தோம். நன்றாகப் பேசுகிறவர்களே முன்வந்தார்கள். பிறகு இந்த வரங்களைப் பட்டியலிடும் வேத வசனமான 1 கொரிந்தியர் 12:28 படித்தோம். அதில் நிர்வாக வரத்தைச் சொல்லும் ‘ஆளுகைகள்’ என்பதற்கான கிரேக்கச் சொல் குபெர்னேசிஸ், சுக்கான் பிடித்துக் கப்பல் செலுத்துவதைக் குறிப்பது. கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. எல்லோரும் விசைப்படகு ஓட்டும் ஓர் அண்ணனைப் பார்த்தோம். ஆட்களையும் டீசல் கணக்கையும் பிசகாமல் நடத்துபவர். அவரோ, “எனக்குப் பிரசங்கம் வராது” என்று மறுக்கிறார்.

இப்படிப்பட்டவரை உங்கள் சபையில் எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?