ரேடியோவில் நம்ம தொகுதி செனட்டர் வந்தால் என்ன கேட்பது? நியூ ஜெர்சி அனுபவப் பகிர்வு

எடிசன்

உள்ளூர் டாக் ரேடியோவில் மாநில செனட்டரோ அசெம்பிளி உறுப்பினரோ வரும்போது லைனில் போய்க் கேட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் வந்தது, எது காற்றோடு போனது என்று எழுதினால் அடுத்து அழைப்பவர்களுக்கு உதவும். பெயருக்குப் பதில் உங்கள் ஊரைப் போட்டு எழுதுங்கள். ஆரம்பித்து வைக்கிறேன்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் பாதி அழைப்பு வீணாகிறது. மாநிலத்தில் 40 தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டர், இரண்டு அசெம்பிளி உறுப்பினர்கள், ஆக மொத்தம் 120 பேர். எச்-1பி, கிரீன் கார்டு, ஐ.ஆர்.எஸ். ரீஃபண்ட் எல்லாம் வாஷிங்டன் விவகாரம். அதை இவர்களிடம் கேட்டால், "ஆஃபீசுக்குப் போன் பண்ணுங்கள், காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தோடு பேசச் சொல்கிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே நேரம், லைசென்ஸ் தரும் மோட்டார் வாகன ஆணையம், பள்ளிகளுக்கான மாநில நிதி, சொத்து வரிச் சலுகைகள், மின் கட்டணத்தை மேற்பார்வை பார்க்கும் வாரியம், வாடகைச் சட்டம் எல்லாம் மாநிலத்தின் கையில். இவற்றில் எதைக் கேட்டாலும் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று: குடியுரிமை இல்லாதவர்கள் தயங்கத் தேவையே இல்லை. ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும். ரேடியோவில் கேட்கவோ, மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் சட்டமன்றக் கமிட்டி முன்னால் சாட்சியம் சொல்லவோ வேண்டியதில்லை. வரி கட்டுகிறவருக்குக் கேள்வி கேட்கவும் உரிமை உண்டு.

ட்ரென்டன் பக்கம்

ஸ்டுடியோவுக்குள் நடப்பதை எழுதுகிறேன். போனை முதலில் எடுப்பவர் தொகுப்பாளர் இல்லை, அழைப்புகளை வடிகட்டும் ஸ்க்ரீனர். பெயர், ஊர், விஷயம் என்று கேட்பார். நீங்கள் சொல்வதை அவர் ஒரே வரியாகத் தட்டுவார். அது தொகுப்பாளரின் திரையில் வரும். "எடிசன் – சொத்து வரி – பொதுவான கோபம்" என்று வருவதற்கும், "எடிசன் – ஸ்டே என்ஜே – இந்த ஆண்டு பட்ஜெட்டில் எவ்வளவு?" என்று வருவதற்கும் வித்தியாசம் உண்டு (ஸ்டே என்ஜே, முதியோருக்கான சொத்து வரிச் சலுகைத் திட்டம்). இரண்டாவது அழைப்பைத்தான் தொகுப்பாளர் முன்னால் எடுப்பார். உறுப்பினர் திணறினாலும் சரி, தெளிவாகச் சொன்னாலும் சரி, அது கேட்கத் தகுந்த நிகழ்ச்சியாகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஸ்க்ரீனரிடம் கதை சொல்லாதீர்கள், கேள்வியைச் சொல்லுங்கள்.

நேரலை என்றாலும் சில விநாடிகள் தாமதமாகத்தான் ஒலிபரப்பாகும். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டுவதற்காக அந்த இடைவெளி. மொபைல் ஆப்பில் கேட்டால் தாமதம் அரை நிமிடத்துக்கு மேலும் போகும். ரேடியோவை அணைக்காமல் பேசினால் உங்கள் குரலே திரும்பி வந்து உங்களைக் குழப்பும், தொகுப்பாளர் இரண்டு முறை "ரேடியோவைக் குறையுங்கள்" என்பார், மூன்றாவது முறை லைனைத் துண்டித்துவிடுவார். லைனில் காத்திருக்கும்போது நிகழ்ச்சி போனிலேயே கேட்கும், அது போதும். ஸ்பீக்கர் போன், கார் ப்ளூடூத் வேண்டாம். நம் உச்சரிப்பு இவர்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஒலியும் மங்கினால் கேள்வி போய்ச் சேராது.

விளம்பர இடைவேளைகளுக்கு நடுவில் ஒரு பகுதி பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம். மணி முடியும் இடத்தில் நிலையத்தின் பெயரும் ஊரும் சொல்லியாக வேண்டும் என்பது ஃபெடரல் விதி, பிறகு செய்தி. 50-வது நிமிடத்துக்கு மேல் லைனுக்குப் போனால் உங்களுக்கு முப்பது விநாடிதான் மிஞ்சும். மணி தொடங்கும்போதே அழைத்துவிடுங்கள்.

முக்கியமாக ஒன்று. கேள்வியை முடித்ததும் தொகுப்பாளர் உங்கள் லைனின் ஒலியை இறக்கிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் "இல்லை இல்லை, நான் கேட்டது..." என்று கத்தினாலும் யாருக்கும் கேட்காது. ஆகவே துணைக் கேள்வியை முதல் மூச்சிலேயே சேர்த்துக் கேட்க வேண்டும். அல்லது ஸ்க்ரீனரிடமே "ஒரு துணைக் கேள்வி உண்டு, லைனில் வைத்திருங்கள்" என்று சொல்லிவையுங்கள். பல தொகுப்பாளர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

போன் பேச்சை ஒலிபரப்பும் முன் நிலையம் தெரிவிக்க வேண்டும் என்று ஃபெடரல் விதி இருந்தாலும், நேயர் அழைப்பு நிகழ்ச்சிக்கு நீங்களாகவே அழைத்தால் ஒப்புதல் கொடுத்ததாகத்தான் அர்த்தம். சோஷியல் செக்யூரிட்டி எண், கேஸ் எண், முழு முகவரி எதையும் வாயில் கொண்டுவராதீர்கள்.

ப்ளெயின்ஸ்பரோ

சொத்து வரிக்கு வருகிறேன், எல்லா நிகழ்ச்சியிலும் அதிகம் அடிபடுவது இதுதான். 2024-இல் மாநிலத்தின் சராசரி வீட்டு வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. "ஏன் இவ்வளவு அதிகம்?" என்று கேட்டால் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பதில் தயாராக இருக்கும்: "2010-இல் 2 சதவீத உச்சவரம்பு கொண்டுவந்தோம், அதற்கு முன்பு இதைவிட மோசம்." உண்மைதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை.

அந்த 2 சதவீதம் உங்கள் வீட்டுப் பில்லுக்கான வரம்பே இல்லை. ஊராட்சியோ பள்ளி மாவட்டமோ மொத்தமாக வசூலிக்கும் தொகைக்குத்தான் வரம்பு. அதிலும் கடன் தவணை, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டுச் செலவு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஊரில் மறுமதிப்பீடு நடந்து, பக்கத்து வீடுகளைவிட உங்கள் வீட்டு மதிப்பு வேகமாக ஏறியிருந்தால், மொத்த வசூல் ஒரு டாலர்கூட ஏறாமலே உங்கள் பில் எகிறும். இதைத் தெரிந்துகொண்டு, "விலக்குகளில் எதை மூட நீங்கள் ஆதரவு?" என்று கேளுங்கள். அதற்குத் தயார் பதில் கிடையாது, யோசித்துத்தான் பேச வேண்டும்.

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பள்ளி, ஊர், கவுண்டி என்று தனித்தனி வரியாக இருக்கும். பெரும்பாலான ஊர்களில் பாதி, அல்லது அதற்கும் மேல் பள்ளிக்குப் போகிறது. "என் பில்லில் பள்ளிப் பங்கு இவ்வளவு, என் மாவட்டத்துக்கு மாநில நிதி போன ஆண்டைவிடக் குறைந்தது, நிதிச் சூத்திரத்தை மாற்ற நீங்கள் எந்த மசோதாவில் கையெழுத்திட்டீர்கள்?" என்று கேட்டால் பேச்சு சட்டமன்றத்தின் கையில் உள்ள இடத்துக்கு வந்துவிடும்.

பெற்றோர் கூட இருப்பவர்களுக்கு: ஸ்டே என்ஜே பற்றி ரேடியோவில் பேசும்போது "65 வயதானவர்களுக்குப் பாதி வரி திரும்பக் கிடைக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2023 சட்டத்தில் எழுதியிருப்பது, வருமானம் 5,00,000 டாலருக்குக் கீழே இருந்தால், வரியில் பாதி, அதிகபட்சம் 6,500 டாலர். ஆனால் ஆங்கர், சீனியர் ஃப்ரீஸ் என்ற மற்ற இரண்டு சொத்து வரிச் சலுகைகளிலும் கிடைப்பதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஸ்டே என்ஜே நிரப்பும். மூன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து பிஏஎஸ்-1 என்று ஒரே விண்ணப்பம். ஆண்டுதோறும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினால்தான் இது நடக்கும் என்பதால், "வரும் பட்ஜெட்டில் முழுத் தொகைக்கும் ஓட்டுப் போடுவீர்களா?" என்பதுதான் கேட்க வேண்டியது.

ஜெர்சி சிட்டி

ரயில் கட்டணம் பற்றிச் சுருக்கமாக. 2024 ஜூலையில் 15 சதவீதம் ஏற்றினார்கள், அதன்பின் ஆண்டுக்கு 3 சதவீதம். கட்டணத்தை நிர்ணயிப்பது என்ஜே ட்ரான்சிட் போர்டு, சட்டமன்றம் இல்லை. சட்டமன்றத்தின் கையில் இருப்பது மானியம். ஒரு கோடி டாலருக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்களிடம் 2.5 சதவீதம் வசூலிக்கும் வரியை 2024-இல் கொண்டுவந்தார்கள். அது 2028 வரைதான். "2029-இல் பணத்துக்கு எங்கே போவீர்கள்?" என்று கேளுங்கள், கட்டணத்தைப் பற்றி அப்போதுதான் நிஜமாகப் பேசுவார்.

பிஸ்கட்டவே

கரண்ட் பில். 2025 ஜூன் 1 முதல் பில் 17 முதல் 20 சதவீதம் வரை ஏறியபோது ரேடியோவில் எல்லோரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். ஆளுங்கட்சி, "பி.ஜே.எம். செய்தது" என்று மின் கட்டமைப்பை நடத்தும் பிராந்திய அமைப்பைக் காட்டியது. எதிர்க்கட்சி, "ஆளுநரின் பசுமைக் கொள்கை" என்றது. கேட்பவருக்குக் கணக்குத் தெரியாவிட்டால் யார் குரல் உரக்க வருகிறதோ அவர் சொல்வதுதான் நியாயம் என்று தோன்றும்.

நடந்தது இதுதான். 1999-இல் மின்துறையைத் திறந்துவிட்டதிலிருந்து பிஎஸ்இ அண்ட் ஜி போன்ற நிறுவனங்களுக்குக் கம்பி மட்டுமே தொழில், மின்சாரத்தை வெளியே வாங்கித்தான் தருகின்றன. நமக்கான மின்சாரம் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஏலத்தில் வாங்கப்படுகிறது. தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம். புதிய விலை ஜூன் 1-இல் பில்லில் ஏறும். அந்த விலைக்குள் 13 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டி.சி.க்கும் பொதுவான பி.ஜே.எம். நடத்தும் திறன் ஏலத்தின் (தேவை உச்சத்தில் இருக்கும்போதும் மின்சாரம் தரத் தயாராக இருக்க ஆலைகளுக்குத் தரும் தொகை) செலவும் அடக்கம். அந்த ஏலத்தில் ஒரு மெகாவாட்-நாளுக்கு 28.92 டாலராக இருந்தது 2025–26-க்கு 269.92 டாலராக ஏறியது. டேட்டா சென்டர்களால் தேவை கூடியது, பழைய ஆலைகள் மூடப்பட்டன, புதியவை இணைப்புக்காக வரிசையில் நிற்கின்றன, ஏல விதிகளும் மாறின. எல்லாம் சேர்ந்த விளைவு.

"பி.ஜே.எம். மேல் எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று செனட்டர் சொன்னால் அது பாதிதான் சரி. மின் கட்டணத்தை மேற்பார்வை பார்க்கும் பொதுச் சேவை வாரியத்தில் ஐந்து ஆணையர்கள், ஆறு ஆண்டுப் பதவி. ஆளுநர் பரிந்துரைத்தாலும் செனட் ஒப்புதல் இல்லாமல் உட்கார முடியாது. "அடுத்த ஆணையரை நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் முன் அவரிடம் என்ன உறுதி கேட்பீர்கள்?" செனட்டரிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி இல்லை. அசெம்பிளி உறுப்பினரிடம் இதைக் கேட்காதீர்கள், அவருக்கு அந்த ஓட்டு கிடையாது. அவரிடம், பெரிய டேட்டா சென்டர்களுக்குத் தனிக் கட்டண வகுப்பு வைப்பதில் அவர் நிலை என்ன என்று கேட்கலாம்.

பார்சிப்பனி

"அதற்கு நான் மசோதா போட்டிருக்கிறேன்." ரேடியோவில் மிகச் சுலபமாகக் கைதட்டல் வாங்கித் தரும் வாக்கியம். இரண்டு ஆண்டு அமர்வில் ஆயிரக்கணக்கில் மசோதா போடுகிறார்கள், பெரும்பாலானவை கமிட்டி வாசலைத் தாண்டுவதே இல்லை. அதனால் அந்த இடத்தில் விடாதீர்கள். எண் என்ன? செனட் என்றால் எஸ், அசெம்பிளி என்றால் ஏ என்று தொடங்கும். நீங்கள் முதன்மை முன்மொழிபவரா, பின்னால் கையெழுத்துப் போட்டவரா? மற்ற அவையில் இதே வாசகத்தோடு துணை மசோதா இருக்கிறதா? கமிட்டித் தலைவரிடம் விசாரணைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டீர்களா? கடைசிக் கேள்விதான் உயிர். தலைவர் பட்டியலில் போடாவிட்டால் மசோதா அப்படியே கிடக்கும். அமர்வு முடியும் ஜனவரியில் காலாவதியாகி, திரும்பப் போட்டால் புது எண் வரும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் "மசோதாவையே காணோம்" என்று நினைத்துவிடுகிறார்கள்.

எண் கிடைத்ததும் சட்டமன்ற இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்: எந்தக் கமிட்டி, கடைசியாக என்ன நடந்தது, யார் யார் கையெழுத்து, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். விசாரணைக்கு வந்தால் அங்கேயே பதிவு செய்யலாம். பேச விருப்பமில்லாவிட்டால், "ஆதரவு, பேசத் தேவையில்லை" என்று குறித்தாலும் அது பதிவில் ஏறும். எழுத்தில் அனுப்புவதாக இருந்தால் ஒரு பக்கம் போதும். முதல் வரியிலேயே மசோதா எண்ணும் உங்கள் ஊரும்.

நிறைவேற செனட்டில் 21 ஓட்டு, அசெம்பிளியில் 41. ஜூன் மாதத்தில் அழைத்தால் வேறு எதைக் கேட்டாலும் பேச்சு பட்ஜெட்டுக்கே போகும், ஏனென்றால் ஜூன் 30-க்குள் முடித்தாக வேண்டும். 2006-லும் 2017-லும் முடிக்காமல் அரசு அலுவலகங்களையே மூடினார்கள். மசோதா பற்றி நிதானமாகப் பேச வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். அசெம்பிளித் தேர்தல் வரும் ஒற்றைப்படை ஆண்டுகளில் அப்போது வாக்குறுதியும் சற்றுத் துணிச்சலாக வரும், குறித்து வையுங்கள்.

எடிசன்

பார்சிப்பனி நண்பர் தேர்தல் ஆண்டு என்றதால் கேட்கிறேன். வேட்பாளரான பிறகும் நிலையம் இவரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கலாமா? எதிர் வேட்பாளருக்கும் இடம் தர வேண்டாமா?

ட்ரென்டன் பக்கம்

தகவல்தொடர்புச் சட்டத்தின் 315-வது பிரிவு அதற்குத்தான். ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் எதிர் வேட்பாளர் கேட்கும்போது சம வாய்ப்புத் தர வேண்டும். அவர் ஏழு நாளுக்குள் கேட்டாக வேண்டும். ஆனால் வழக்கமாக நடக்கும் உண்மையான செய்திப் பேட்டிக்கு 1959 முதல் விலக்கு இருக்கிறது. தொகுப்பாளர் தன் பொறுப்பில் கேள்வி கேட்கும் பேட்டி பெரும்பாலும் அதில் அடங்கும். உறுப்பினரே நிகழ்ச்சி நடத்தினால் அடங்காது, அதனால் வேட்பாளரானதும் மைக்கை விட்டு இறங்கிவிடுவார்கள். விளம்பரம் தனிக் கணக்கு: யார், எவ்வளவு கொடுத்து, எந்த நேரம் வாங்கினார் என்பதை நிலையம், ஒலிபரப்பை மேற்பார்வை பார்க்கும் ஃபெடரல் ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் உள்ள தன் பொதுக் கோப்பில் போட வேண்டும், இரண்டு ஆண்டு அங்கே இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ப்ளெயின்ஸ்பரோ

ஒரு சேர்க்கை. நிகழ்ச்சி பாட்காஸ்ட்டாக வரும்போது சில நிலையங்கள் நேயர் அழைப்புகளை வெட்டிவிடுகின்றன. உறுப்பினர் ஏதாவது ஒப்புக்கொண்டால் அவர் சொன்ன வாக்கியம், தேதி, மணி, நிமிடம் எல்லாவற்றையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள். அன்றே தொகுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல்: "இன்று காலை 8:20-க்கு இந்த மசோதாவைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தலைவருக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னீர்கள், கடிதத்தின் நகல் வேண்டும்." கீழே உங்கள் வீட்டு முகவரியைப் போடுங்கள். தொகுதிக்குள் இருப்பவரா என்றுதான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.