ரெட்டினா பிரிவதில் கண்ணுக்குள் ஓடும் நீருக்கு என்ன பங்கு?

கேள்வி:
ரெட்டினாவில் (கண்ணின் உட்பின்சுவரில் ஒட்டியிருக்கும், ஒளியை உணரும் விழித்திரை) கிழிசல் விழுந்தும் சிலருக்கு வருஷக்கணக்கில் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு ஓரிரு நாளிலேயே பிரிந்துவிடுகிறது. கண்ணை அதிகம் அசைக்காமல் படுக்கச் சொல்வது ஏன்?

பதில் 1:
எல்லாம் விட்ரியஸின், அதாவது கண்ணின் உள்ளே நிரம்பியிருக்கும் ஜெல்லின், நிலையைப் பொறுத்தது. அது சுமார் 4 மில்லி, பெரும்பகுதி தண்ணீர்தான். கொலாஜன் இழைகளும் ஹையலுரோனிக் அமிலமும்தான் அதை ஜெல்லாக வைத்திருக்கின்றன. கெட்டியாக இருக்கும்வரை கண் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பும். வயதானாலோ மைனஸ் பவர் அதிகமிருந்தாலோ நீர்த்துப்போகும். ஒரு டம்ளர் தண்ணீரை வெடுக்கென்று திருப்பி நிறுத்துங்கள்: டம்ளர் நின்றுவிடும், தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை பார்வையை மாற்றும்போதும் கண்ணுக்குள் இதுதான் நடக்கிறது.

குதிரைலாட வடிவக் கிழிசல் என்றால் ஆபத்து கூடுதல். அதன் மடலை ஜெல் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். ஓட்டம் விளிம்பைத் தூக்க, திறந்த வாய் வழியே நீர் ரெட்டினாவுக்குப் பின்னால் புகும். பிரிந்த பகுதி தளர்ந்து அலையும்போது ஒட்டியிருப்பதும் உரிகிறது.

பதில் 2:
மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரெட்டினாவுக்குப் பின்னாலுள்ள நிறமிச் செல் அடுக்கு ஓயாமல் நீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. புகும் நீர் அதை மிஞ்சினால்தான் பிரிவு பரவும். இழுப்பில்லாத சின்ன வட்டத் துளை பெரும்பாலும் சும்மா இருப்பது அதனால்தான். மேல்பாதிக் கிழிசலில் நீர் கீழே மேக்குலாவை (கூர்மையான பார்வை தரும் ரெட்டினாவின் நடுப்பகுதி) நோக்கி இறங்குவதால் வேகம் அதிகம். மேல்பக்கப் பிரிவுக்கு ஆபரேஷன்வரை மல்லாந்து படுக்கச் சொல்வதும் மேக்குலாவைக் காப்பாற்றத்தான். ஆனால் ஓய்வு நேரம் வாங்கித் தரும், கிழிசலை மூடாது.

பதில் 3:
நீர் புகும்முன் பிடித்தால் கிழிசலைச் சுற்றி லேசர் போதும். தழும்பு முழுப்பிடி பிடிக்க 10 முதல் 14 நாள். பிரிந்துவிட்டால் வாயுக்குமிழ் வைப்பார்கள். அது கிழிசலின் வாயை அடைக்க, உள்ளே தேங்கியதைச் செல் அடுக்கு உறிஞ்சிவிடும். எஸ்எஃப்6 என்ற வாயு சுமார் 2 வாரமும் சி3எஃப்8 என்ற வாயு 6 முதல் 8 வாரமும் நிற்கும். குமிழ் கரையும்வரை விமானப் பயணம் கூடவே கூடாது: மேலே காற்றழுத்தம் குறைய வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறும். மின்னல் வெட்டு, திடீர்க் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை என்றால் அன்றே காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் நீர் புகுவது குறையுமா?

பதில் 2:
குறையாது. புகுவது ஏற்கெனவே கண்ணுக்குள் இருக்கும் நீர்.