முழு மயக்கம் கொடுத்ததால்தான் அம்மாவுக்குப் புத்தி தடுமாறியதா?

செல்லம்பட்டிக்காரன்:

அம்மாவுக்கு 78 வயது. போன மாதம் தொழுவத்தில் சாணி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. முதல் இரண்டு நாள் ஊரிலேயே எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பார்த்தோம். மூன்றாம் நாள் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதயத்துக்கு, ரத்தம் உறையாமலிருக்க, க்ளோபிடோகிரெல் மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைக்க முடியாது, முழு மயக்கம்தான் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று ராத்திரி ஐசியூவில்தான் ஆரம்பித்தது. இறந்து எட்டு வருடமான அப்பாவிடம் பேசுகிறார். "மாட்டை அவுத்துவிட்டது யாரு?" என்று கத்துகிறார். ட்ரிப்ஸைப் பிடுங்குகிறார். கழற்றி வாங்கிவைத்த தண்டட்டியைத் தேடிக் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். ஐந்தாம் நாள்தான் என்னை அடையாளம் தெரிந்தது.

இப்போது தேறிவிட்டார். ஆனால் தாய்மாமா என்னோடு பேசுவதில்லை. "முழு மயக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டு எங்க அக்கா மூளையைக் கெடுத்துட்ட" என்கிறார். முதுகு ஊசிதான் வேண்டும் என்று நான் அடம்பிடித்திருக்க வேண்டுமா?

ஊசிக்காரி:

தம்பி, நான் மதுரையில் 17 வருடமாக மயக்க மருந்து கொடுப்பவள். உங்கள் மாமா மேல் கோபப்படாதீர்கள். சில வருடம் முன்புவரை நானும் அவர் கட்சிதான். வயசானவர்களுக்கு முதுகு ஊசி போட்டால் மூளை தெளிவாக இருக்கும் என்று எத்தனையோ வீட்டாரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

2021-இல் ரீகெய்ன் ஆய்வு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1600 பேர், எல்லாரும் 50 வயதைத் தாண்டியவர்கள். யாருக்கு எந்த மயக்கம் என்பதைக் குலுக்கல் மாதிரி பிரித்தார்கள். 60 நாளில் இறந்தவர்களையும் தானாக நடக்க முடியாமல் போனவர்களையும் சேர்த்து எண்ணினால் முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18. உங்கள் அம்மாவுக்கு வந்த குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். அது முதுகு ஊசியில் 20.5 சதவீதம், முழு மயக்கத்தில் 19.7.

அப்போதும் நான் விடவில்லை. முதுகு ஊசி போட்டவர்களுக்கும் தூக்க மருந்து கொடுக்கிறோமே, அதுதான் கணக்கைக் கெடுத்திருக்கும் என்று சக டாக்டர்களிடம் வாதாடினேன். 2022-இல் சீனாவிலிருந்து ராகா ஆய்வு வந்தது. 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேர். மரக்க வைத்தவர்களுக்குத் தூக்க மருந்தே இல்லை. டெலிரியம் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1. அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மயக்கமும் கொடுக்கத் தகுந்தவர்களைத்தான் இப்படிப் பிரிக்க முடியும். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி, கால் வராமலே போகலாம். மாத்திரையை நிறுத்தி ஐந்தாறு நாள் காத்திருந்தால் அதுவரை வலியோடு படுத்துக் கிடந்திருப்பார். நீங்கள் அடம்பிடித்திருந்தால் நானே உங்களைத் திட்டியிருப்பேன்.

என்னை உறுத்துவது அந்த எண்ணெய்க் கட்டு. 2020-இல் வந்த ஹிப் அட்டாக் ஆய்வில் 17 நாடுகள், நம் நாடும் உண்டு, 2970 பேர். முறிவு என்று தெரிந்த ஆறு மணி நேரத்தில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் ஒரு பக்கம், 24 மணி நேரம் வாக்கில் போனவர்கள் இன்னொரு பக்கம். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. டெலிரியம் மட்டும் சீக்கிரம் போனவர்களுக்கு 9 சதவீதம், தாமதித்தவர்களுக்கு 12. இதில் பேசுவது மணிக்கணக்கு. நீங்கள் இழந்தது இரண்டு நாள்.

மேலூர்ப் பேரன்:

அண்ணே, எங்கள் தாத்தாவுக்கு முதுகு ஊசிதான் போட்டார்கள். அவரும் மூன்று ராத்திரி வார்டில் கண்மாய்க்கு மடை திறந்துகொண்டிருந்தார். மாமாவிடம் இதையும் சொல்லுங்கள்.

ராத்திரி டூட்டி:

ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் மேடம் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கையைக் கட்டியதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கட்டியிருக்கிறேன், எட்டுக் கட்டிலுக்கு இரண்டு பேர் நின்ற ராத்திரிகளில். கட்டினால் இன்னும் மிரளுவார்கள். இந்தக் குழப்பத்துக்கு ஹாலோபெரிடால் என்கிற மனநோய் மருந்தைப் போட்டால் சீக்கிரம் தெளியும் என்று நாங்கள் நம்பியதும் 2018-இல் மைண்ட் ஆய்வில் போனது. மருந்தே கலக்காத வெறும் ஊசிக்கும் அதற்கும் நாள்கணக்கில் வித்தியாசமே இல்லை.

அண்ணே, இன்னொரு தடவை இப்படி வந்தால் (வர வேண்டாம்) கண்ணாடி, பல்செட், காது மிஷின் எது இருந்தாலும் முதல் நாளே கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தண்டட்டியை நாங்கள் உள்ளே விட மாட்டோம், தங்கம். சுருக்குப்பையை விடுவோம். ஒரு ஆச்சி அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். பகலில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுங்கள். மலச்சிக்கல் இல்லாமல் இருக்கிறாரா, வலிக்கு மருந்து சரியாகப் போகிறதா என்று எங்களை நச்சரியுங்கள், தப்பே இல்லை.

செல்லம்பட்டிக்காரன்:

டாக்டரம்மா, ரொம்ப நன்றி. ஒரு சங்கடம். கட்டுக்காரரை பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வந்ததே மாமாதான். அதை நான் எப்படிச் சொல்வது?

ஊசிக்காரி:

சொல்லாதீர்கள். குலுக்கல் கதையை மட்டும் சொல்லுங்கள்.

செல்லம்பட்டிக்காரன்:

சொன்னேன். "அது சீனாக்காரன் உடம்பு" என்றார். ஆனால் நேற்று வந்து அம்மாவை வாக்கரோடு தொழுவம் வரை நடத்திக் கூட்டிப்போனார். என்னிடம் தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.