மருதனார்மடத்தில பெறாமகளின்ர கச்சேரி: எங்க கைதட்டுறது?

சுன்னாகத்தான்:
அண்ணையின்ர மகள் மருதனார்மடத்தில, யாழ்ப்பாண யூனிவர்சிட்டியின்ர இராமநாதன் நுண்கலைப் பக்கம், வாய்ப்பாட்டுப் படிக்கிறாள். வாற வெள்ளி பின்னேரம் மாணவர் கச்சேரி. "சித்தப்பா முன்வரிசையில இருக்கவேணும்" எண்டு சொல்லிப்போட்டாள். எனக்குக் கோயில்ல மேளக்கச்சேரி கேட்ட காது மட்டும்தான். பிழையான இடத்தில கைதட்டிப் பிள்ளையை வெக்கப்படுத்தக் கூடாது. வேட்டி கட்டத்தான் வேணுமோ? ஏழு வயசு மகனைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?

கோண்டாவில் அக்கா:
காற்சட்டையோட போங்கோ தம்பி, ஒருத்தரும் பாக்கமாட்டினம். மகனை ஓரக் கதிரையில இருத்துங்கோ. அவனுக்கு அலுத்தால் ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது தொடங்க முன்னம் எழும்பலாம். கச்சான் பை மட்டும் கொண்டு போகாதேங்கோ. அந்தச் சரசரப்பு மேடை வரைக்கும் கேக்கும்.

வலந்தலை:
மாணவர் கச்சேரியளுக்கு மிருதங்கம் வாசிக்கிறனான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

மேளக்கச்சேரி கேட்ட காது எண்டு குறைச்சுச் சொல்லாதேங்கோ அண்ணை. அளவெட்டித் தட்சணாமூர்த்தியின்ர தவில் முழங்கின மண் இது. தவில்ல ஒரு கோர்வை (முடிவுக்கெண்டு கட்டின தாளச்சொல் கோப்பு) மூண்டு தரம் வந்து விழேக்க உங்கட தலை தானா ஆடுமெல்லோ? அந்தத் தலை போதும்.

முதல்ல வர்ணம் பாடுவினம். குரலும் கையும் சூடேறத்தான் அது. பிறகு சின்னக் கீர்த்தனை ஒண்டு ரெண்டு. பிறகுதான் பெரிய உருப்படி. இராக ஆலாபனை, அதாவது பாட்டுவரி இல்லாமல் இராகத்தை விரிச்சுப் பாடுறது, முடியத் தட்டலாம், அதுக்குப் பிறகு வயலின் அதே இராகத்தை வாசிச்சு முடிக்கவும் தட்டலாம். வயலின் பிள்ளைக்குத் தட்டாமல் விடுறவைதான் கூட. அவளும் மாணவிதான், பாடுற பிள்ளை போற வழியெல்லாம் பின்னால ஓடுறவள்.

கல்பனாஸ்வரத்தில, அதாவது ச ரி க ம எண்டு ஸ்வரங்களை அந்த நேரமே கட்டிப் பாடேக்க, வடிவாய்க் கவனியுங்கோ. பெரிய வித்துவான் பிழைச்சாலும் மறைச்சுப்போடுவார். மாணவர் கணக்குப் போடுறது முகத்திலயே தெரியும். ஆதி தாளமெண்டால் ஒரு தட்டு, சின்னிவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு, மொத்தம் எட்டு. மகனுக்கும் இதைக் காட்டிக் குடுங்கோ, அவன் எழும்பவே மாட்டான்.

இடையில சுருதி சேர்க்க மிருதங்கத்தைக் கல்லால தட்டினால் "இன்னும் தொடங்கேல்லையோ" எண்டு கதைக்கத் தொடங்காதேங்கோ. பொம்பிளைப்பிள்ளையள் கூடுதலா ஐஞ்சு, ஐஞ்சரைக் கட்டைச் சுருதியில பாடுவினம். பொடியள் ஒண்டு, ஒண்டரை. ஆள் மாற மிருதங்கமும் மாறும், மேடை வெளிச்சத்தின்ர சூட்டில தோலின்ர சுருதியும் ஏறும். பக்கத்தில கதைச்சால் சேர்க்கிறவனுக்குத் தம்புரா கேக்காது.

இனித் தனியாவர்த்தனம், மிருதங்கம் மட்டும் தனிய வாசிக்கிற இடம். பாடுறவையின்ர சொந்தக்காரர் தேத்தண்ணி குடிக்க எழும்புற நேரம் இதுதான். மாமிமார் ஒரு வரிசையே எழும்பிப் போக, நான் கதிரையளுக்கு வாசிச்சிருக்கிறன். பெறாமகள் அந்த நேரம் சும்மா இருக்கிறாள் எண்டு நினைக்காதேங்கோ, தாளத்தை விடாமல் போடுறதே அவள்தான். நீங்களும் அவளோட சேர்ந்து போடுங்கோ. கடைசிக் கோர்வை மூண்டு தரம் வந்து, அவள் பாட்டில விட்ட வரியைத் திரும்ப எடுப்பாள். அந்த இடத்தில கை வலிக்கத் தட்டலாம்.

கோண்டாவில் அக்கா:
தம்பி சொன்ன மாமிமாரில நானும் இருந்திருப்பன் போல. 😄 இராமநாதனில படிச்ச அம்மாவே தனிக்கு எழும்புவா. அவ படிக்கேக்க அது யூனிவர்சிட்டியோட சேரேல்லை, 1975இலதான் சேர்ந்தது.

சுன்னாகத்தான்:
நன்றி தம்பி. இரவு மகனுக்கு விரல் எண்ணக் காட்டிக் குடுத்தன். வீச்சில மட்டும் பிழைக்குது, மற்றது ஓகே. போன்ல வீடியோ எடுக்கலாமோ?

வலந்தலை:
எடுங்கோ, ஃபிளாஷ் வேண்டாம். போனைத் தலைக்கு மேல தூக்காமல் நெஞ்சுக்கு நேர பிடியுங்கோ, பின்னால இருக்கிறவைக்கு மறைக்கும். தனிக்கு மட்டும் போனைப் பொக்கற்றில வையுங்கோ, தாளம் போட ரெண்டு கையும் வேணும்.