ஷிப்டு வேலை, இரண்டரை வயதுப் பிள்ளை: வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்களுக்குக் காவேரிப்பட்டணம், எனக்கு வேலை ஓசூரில், கம்பெனி பஸ் விடிகாலை நாலரைக்கே வந்துவிடும். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்த நாளிலிருந்து மகளுக்கு எல்லாமே ஆயாதான்.

நாலு மணிக்கு வீடு திரும்பினால் பாத்திரம், துணி, ராத்திரிச் சமையல் என்று ஓடி, அப்பாடா என்று உட்காரும்போது அவள் தூங்கியிருப்பாள், இல்லையென்றால் போனில் பாட்டு பார்த்துக்கொண்டிருப்பாள். (இந்த வயதில் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது, தெரியும். களி கிண்டும்போது வேறு என்ன செய்ய?)

போன ஞாயிறு லீவு, விளையாட உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, உள்ளே போய் என் டிபன் பையைத் தரதரவென்று இழுத்து வந்து மடியில் வைத்து, "பஸ்ஸு வந்துச்சு, போ" என்றாள். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

தாய்-சேய் பிணைப்பை வீடு வீடாகப் போய்க் கவனித்த மேரி ஐன்ஸ்வொர்த், குழந்தை காட்டும் சைகையைப் புரிந்து நாம் உடனே பதில் கொடுப்பதுதான் பெரிது என்கிறார். சரி, அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. வீட்டுக்காரர் உதவுவார், ஆனால் மாங்கூழ் சீசனில் அவரைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

ஷிப்டுக்குப் போகும் அம்மா அப்பாக்கள் சொல்லுங்கள்: எந்த வேலையை விட்டீர்கள், எதை மற்றவர் தலையில் கட்டினீர்கள்? வந்ததும் முதல் அரை மணி பிள்ளைக்கு என்று வைத்தால் மாற்றம் தெரிந்ததா, எத்தனை நாளில்? "வேலையை விட்டுவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டுக்கடன் ஓடுகிறது.