'இம்பேக்ட் ரெஞ்ச்' தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

சேலம், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம். சக்கரம் கழற்றி மாட்டும் பாடத்துக்கான நான்கு பக்கக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. இரண்டு கருவிகளுக்குப் பெயர் வேண்டும். ஒன்று, பட்டறையில் 'கன்' என்று சொல்லும் இம்பேக்ட் ரெஞ்ச். மற்றது டார்க் ரெஞ்ச். முன்னது அடித்துச் சுழற்றுவது, பின்னது அளந்து இறுக்குவது. இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும். 'கன் நின்றால் இறுக்கம் சரி' என்றே மாணவர்கள் நம்புகிறார்கள். சிறு காரின் சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் (இறுக்கும் முறுக்கின் அளவு) ஒட்டித்தான் வேண்டும். அரை அங்குல கன் சில நொடியில் 300-ஐத் தாண்டிவிடும். ஸ்டட் (நட்டு ஏறும் மரைத் தண்டு) நீளும், மரை போகும், பிரேக் டிஸ்க் கோணும். பிறகு பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
'தாக்க முடுக்கி' எப்படி? 'நட்டை முடுக்கு' என்பது பேச்சில் இருக்கிறதே.

சேலம்:
இருக்கிறது அம்மா. ஆனால் அதே கையேட்டில் ஆக்ஸிலரேட்டரை 'முடுக்கி' என்று போட்டிருக்கிறோம். பள்ளிப் பாடத்திலும் முடுக்கம் என்றால் வேகம் கூடுவது. மாணவன் காலால் மிதிப்பதா கையால் பிடிப்பதா என்று திகைப்பான்.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:
நம்மிடம் 'திருப்புளி' இருக்கிறது. திருப்பும் உளி. ஸ்க்ரூடிரைவருக்கு இதைவிட நல்ல சொல்லை எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்க முடியாது. அந்த வழியிலேயே போனால் 'அடிதிருப்பி'. ஒற்று இடக்கூடாது; சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. 'அடியால் திருப்புவது' என்று விரித்தால் ஒற்று மிகும். அப்போது 'அடித்திருப்பி' ஆகி, 'அடித்து இருப்பி' என்று உடைபடும்.

யாழ்ப்பாணம்:
ஐயா, பேச்சில் 'திருப்பி' என்றால் 'மறுபடியும்' என்றுதானே பொருள்? 'திருப்பி அடி' என்ற தொடர்தான் முதலில் நினைவுக்கு வரும். எங்கட விஞ்ஞானப் பாடத்தில் 'திருப்பம்' வேறு மொமென்ற்றை, அதாவது விசையின் திருப்பு விளைவைக் குறிக்கிறது. சில்லுப் பூட்டுகிற பொடியனுக்கு இது எல்லாம் குழப்பம்.

நாமக்கல், லாரிப் பட்டறை:
பெயர் எதுவானாலும் 'அடி' அதில் இருக்கட்டும். உள்ளே நடப்பது அதுதான். மோட்டார் ஒரு சுத்தியலைச் சுற்றிவிடுகிறது. அது, நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் தண்டின் காதில் போய் மோதுகிறது, விலகுகிறது, சுற்றி வந்து மறுபடி மோதுகிறது. நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் விழும். துரு ஏறிய நட்டு அசைவதும், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதும் இதனால்தான். பளபளக்கும் குரோம் சாக்கெட்டை இதில் மாட்டினால் தெறித்து உடையும் என்பதற்கும் காரணம் இந்த அடிதான். கறுப்பு இம்பேக்ட் சாக்கெட் மட்டுமே மாட்ட வேண்டும். இன்னொன்று: இது அளக்கும் கருவியே அல்ல. 90 பி.எஸ்.ஐ. காற்றுக்கு ஒரு இறுக்கம், ஓஸ் நீண்டு அழுத்தம் குறைந்தால் ஒன்று, ஸ்டட்டில் எண்ணெய் பட்டிருந்தால் வேறொன்று. எண்ணெய் பட்ட மரையில் அதே முறுக்குக்கு ஸ்டட் அதிகம் இழுபடும். வண்டியின் கையேடு சொல்லாவிட்டால் எண்ணெயே விடக்கூடாது.

தஞ்சாவூர்:
மரையா மறையா என்ற வழக்கும் இருக்கிறது. உள்ளே மறைந்திருப்பதால் மறை என்பார் உண்டு. நான் மரை என்றே எழுதுவேன். ஸ்டெப்னிக்கும் ஒரு சொல் தருகிறேன். புறநானூறு 102-இல் உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடிமரத்தில் 'சேம அச்சு' கட்டிப் போகிறார்கள். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள. 'சேமச் சக்கரம்' என்று எழுதுங்கள்.

சென்னை:
சேமச் சக்கரத்தை நான் எடுத்துக்கொண்டேன். அப்படியே இடப்புறம் சுற்றி இறுக்கும் மரைக்கு 'இடம்புரி' என்று வைக்கலாமா? பழைய லாரிகள் சிலவற்றின் இடப்பக்கச் சக்கரங்களில் உண்டே.

யாழ்ப்பாணம்:
வேண்டாம். நாங்கள் வலம்புரி என்கிற சங்கை உயிரியலார் இடச்சுழி என்றே எழுதுவர். எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்ற சண்டை முடியாது. 'எதிர் மரை' போதும். கன்னைத் தவறான திசையில் வைத்து அடித்தால் ஸ்டட்டே முறியும்.

சேலம்:
நாள் நெருங்கிவிட்டது. 'அடிதிருகி', 'அளவுதிருகி' என்று ஒரு இணை எழுதிப் பார்த்தேன். இரண்டும் திருகுகின்றன, ஒன்று அடிக்கிறது, மற்றது அளக்கிறது. அச்சுக்குப் போகும் பத்தி இது:

"நட்டை முதலில் கையால் மூன்று நான்கு மரை ஏற்றுக. அடிதிருகியை (கன்) மிகக் குறைந்த நிலையில் வைத்து, நட்டு சக்கரத்தில் உட்காரும்வரை மட்டும் ஓட்டுக. வரிசையாக அல்ல, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றிச் செல்க. டயர் தரையைத் தொடும் அளவுக்கு ஜாக்கை இறக்கி, அளவுதிருகியால் இரண்டு சுற்றில் இறுக்குக. 'டிக்' என்றதும் நிறுத்துக; இன்னொரு முறை இழுக்கக்கூடாது. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபார்க்க. அளவுதிருகியால் நட்டைக் கழற்றக்கூடாது. வேலை முடிந்ததும் அதன் அளவைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கி வைக்க."

நாமக்கல்:
சரி. ஆனால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'கன்' எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும். 10 ஸ்டட் லாரிச் சக்கரத்துக்கு 600 நியூட்டன் மீட்டரை ஒட்டி வேண்டும். அங்கே பெயர் புரியாமல் ஒருவன் கன்னோடு நிறுத்திவிட்டால் சக்கரம் சாலையில் கழன்று ஓடும்.

சென்னை:
எனக்கும் சம்மதம்.

யாழ்ப்பாணம்:
ஓம், இப்போதைக்கு.

தஞ்சாவூர்:
பெரும்பான்மைக்கு வழிவிடுகிறேன், ஏற்கவில்லை. 'அடிதிருகி' வினைத்தொகைதான். 'அளவு' பெயர்ச்சொல். அளவால் திருகுவது என்று விரியும்போது 'அளவுத்திருகி' என்று ஒற்று மிக வேண்டும். இணை அழகாக இருக்கிறது என்பதற்காக இலக்கணம் வளையாது. அடுத்த பதிப்பிலாவது அந்தத் 'த்'தைப் போடுங்கள். தேங்காய் துருவுவதைத் 'திருகுவது' என்று சொல்லும் ஊர்களும் உண்டு, அதையும் குறித்துவைக்கிறேன்.